ரெண்டு கிலோ இட்லி அரிசி

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஆங்காங்கே தடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கபினியில் எடுத்த ஒரு யானைப் படத்தை இங்கே போட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி "என்ன கேமரா டாக்டர்?", மீதிப் பாதி "என்ன ட்ரைபாட் டாக்டர்? வெயிட் கம்மியா ஒண்ணு சொல்லுங்க, நாங்களும் மே மாசம் கார்ல கிளம்பறோம்".

முதலில் ஒரு திருத்தம். அந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை, என் அப்பா.

இரண்டாவது, ட்ரைபாடே கிடையாது. கேமராவுக்கு அடியில் இருந்தது ரெண்டு கிலோ இட்லி அரிசி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முழுசாகச் சொல்கிறேன்.

அப்பா எங்கள் ஊரில் 30 வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கல்யாணம், காதுகுத்து, பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ, பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி, எல்லாம் அவர்தான். முதலில் ஒரு யாஷிகா. மேலிருந்து குனிந்து பார்க்கிற ரெட்டைக் கண் கேமரா. பிறகு நிக்கான் எஃப்.எம்.10. தேரோட்டத்தன்று ராத்திரி, ஃப்ளாஷ் போடாமல், 1/15 நொடியில் கையிலேயே பிடித்து சாமி படம் எடுப்பார். அசைந்திருக்காது. "மூச்சை விட்டுட்டு அடிக்கணும்டா, இழுத்துப் பிடிச்சுட்டு அடிக்கக் கூடாது" என்பார். டிஜிட்டல் வந்தது, அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது, ஸ்டுடியோ போனது. அந்தக் கதை உங்களுக்கும் தெரியும்.

ஆறு வருஷம் முன்னால் ஒருநாள் டீ டம்ளரை எடுக்கும்போது தட்டில் டகடகவென்று சத்தம் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி பேப்பரைப் பார்த்தேன். எம்.பி.பி.எஸ் படித்த பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் ஒருதரம் இதைச் செய்திருப்போம்.

கை நடுக்கம் என்றாலே பார்க்கின்சன் என்று நினைக்கிறோம். எனக்கும் அதுதான் முதலில் வயிற்றைக் கலக்கியது. ஆனால் இரண்டும் வேறு வேறு. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும், எதையாவது எடுக்கப்போனால் குறையும். அப்பாவுக்கு நேர் எதிர். கை மடியில் இருந்தால் கல் மாதிரி கிடக்கும். தூக்கிப் பிடித்தால்தான் ஆடும். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். தாள் படபடத்தது. ஒரு சுருள் வரையச் சொன்னேன். கோடு முழுக்க அலை அலையாக வந்தது. நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம், உறுதி செய்தார். எசென்ஷியல் ட்ரெமர்.

இதற்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று ப்ரோப்ரனலால். அப்பாவுக்கு ஆஸ்துமா உண்டு, அதனால் கொடுக்க முடியாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். (தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் போய் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். இதயத்துடிப்பைக் குறைக்கிற மருந்து, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை.) இன்னொரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தார். எட்டாம் நாள் மாத்திரை அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "நடுங்கினா நடுங்கிட்டுப் போகுது. முழிச்சுட்டு நடுங்கறேன்."

சரி, ட்ரைபாடுக்கு வருகிறேன்.

மூன்று வருஷம் முன்னால் முதல் பயணம். நான், மனைவி, ஆறு வயது மகள், அப்பா, அம்மா. ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார். கோவில்பட்டியிலிருந்து மதுரை, திண்டுக்கல், கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு. என்னிடம் நிக்கான் டி7200, டாம்ரான் 150-600 லென்ஸ். லென்ஸ் மட்டும் 2 கிலோ, கேமராவோடு சேர்த்தால் 3 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. இதைத் தாங்க ஒரு அலுமினிய ட்ரைபாட், ரெண்டரைக் கிலோ. ஆன்லைன் தள்ளுபடியில் பெருமையாக வாங்கியது.

டிக்கியில் அது குறுக்கே படுத்தது. அம்மாவின் முறுக்கு டின்னுக்கு இடமில்லை. நடந்த வாக்குவாதத்தில் ட்ரைபாட் ஜெயித்தது, நான் தோற்றேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் அம்மா என்னிடம் பேசவில்லை.

தெப்பக்காட்டில் வனத்துறை வேன் சஃபாரி. ஜன்னலோரம் ஒரு இருக்கை, முன்னால் இன்னொரு இருக்கையின் முதுகு, காலடியில் பக்கத்து சீட்காரரின் பை. அங்கே மூன்று கால் விரிக்க இடமெங்கே? கீழே இறங்கவும் கூடாது. அது சட்டம், அது மட்டுமில்லை, உயிர். ஆக ரெண்டரைக் கிலோ ட்ரைபாட் 500 கிலோமீட்டர் கடந்து வந்து லாட்ஜ் அறையில் படுத்துக்கொண்டது.

நண்பர் ஒருவரிடம் ஒற்றைக்கால் மோனோபாட் கடன் வாங்கி வந்திருந்தேன். அரைக் கிலோதான். அதை வேன் தரையில் ஊன்றி வைத்தேன். டிரைவர் எஞ்சினை நிறுத்தவில்லை. டீசல் எஞ்சினின் அதிர்வு மொத்தமும் அந்தக் கம்பி வழியாக நேராக லென்ஸுக்கு ஏறியது. கையில் பிடித்திருந்தாலே தேவலை என்கிற மாதிரி ஆகிவிட்டது. அந்த அதிர்வில் பாதியை நம் சதையும் மூட்டும் விழுங்கிவிடும், கம்பி விழுங்காது.

சாலையோரமாக ஒரு காட்டெருமை நின்றது. அப்பா கேட்டார், "கொண்டா, ஒண்ணு எடுக்கறேன்."

கொடுத்தேன். எடுத்தார். 12 படம்.

அன்று ராத்திரி அறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவின் பின்பக்கத் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிசு பண்ணிப் பார்த்தார். ஒவ்வொன்றாக அழித்தார். 12-ம். கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

"இனிமே நீயே எடு."

குரலில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. கடைக்கு ஷட்டர் இறக்கிய அன்றைக்கும் இதே குரல்தான்.

அதற்கப்புறம் ரெண்டு வருஷம் பேத்தியின் பிறந்தநாளுக்குக்கூட அவர் கேமராவைத் தொடவில்லை. அம்மாதான் ஒருநாள் போனில் சொன்னார்: "அவரு பழைய நெகட்டிவ் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு இருக்காருப்பா. வெளிச்சத்துல காட்டிக் காட்டிப் பாக்குறாரு. ஏதாவது செய்யேன்."

என்ன செய்ய? மாத்திரை இல்லை. மூளைக்குள் கம்பி வைக்கிற அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் அன்றாட வேலைகள் நின்றுபோகிற அளவுக்கு நடுக்கம் இருப்பவர்களுக்கானது. அப்பா சட்டை பட்டன் போட்டுக்கொள்கிறார், சாப்பிடுகிறார், கையெழுத்துப் போடுகிறார். காமாசோமா கையெழுத்துதான், டாக்டராகிய நான் அதைச் சொல்லக்கூடாது.

பதில் எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் கிடைத்தது.

மரத்திலிருந்து விழுந்த ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். நான்கைந்து வயதிருக்கும். காலை அசைத்துக்கொண்டே இருக்கிறான். எக்ஸ்ரே டெக்னீஷியன் அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மணல் பையை எடுத்து பாதத்துக்குப் பக்கத்தில் அண்டக் கொடுத்தார், இன்னொன்றை முட்டிக்கு மேலே லேசாக வைத்தார். "இதுல காலை வச்சுக்கடா ராஜா." கால் அதன் பாட்டுக்கு அந்தப் பையில் பதிந்து நின்றது. படம் சுத்தமாக வந்தது.

நான் அந்த மணல் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன சார், வேணுமா? இது ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்கு சார்" என்றார்.

காட்டுயிர் படம் எடுப்பவர்கள் காலங்காலமாக உபயோகிக்கிற பீன் பேக் இதுதான். கேள்விப்பட்டிருக்கிறேன், படித்திருக்கிறேன், ஆனால் துணிப்பைக்கு எதற்குக் காசு என்று அலட்சியமாக விட்டிருந்தேன். அப்பாவின் கையோடு அதை முடிச்சுப் போட்டுப் பார்த்ததே இல்லை.

யோசித்துப் பாருங்கள். அவருடைய நடுக்கம், கையைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கிப் பிடிக்கும்போதுதான் வருகிறது. முழங்கை, முன்கை, லென்ஸ் எல்லாமே எதன்மேலாவது முழுசாகப் படுத்துவிட்டால்? கை மடியில் கிடப்பது மாதிரிதானே! ட்ரைபாடில் கேமரா நிற்கும், ஆனால் கை அந்தரத்தில் போய் அதைப் பிடிக்கும், பிடித்து ஆட்டும். பையில் கேமராவும் படுக்கும், கையும் படுக்கும்.

லென்ஸுக்குள் இருக்கிற ஸ்டெபிலைசேஷன் ஏன் அப்பாவைக் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். அது ஒரு சின்ன உணர்கருவியால் ஆட்டத்தைக் கண்டுபிடித்து, ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற சாதாரணக் கையசைவுக்கு அது போதும். அந்தக் கண்ணாடி நகர்வதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அப்பாவின் கை அந்த எல்லையைத் தாண்டி ஆடுகிறது. அதோடு, மான் தலையைத் திருப்பினால் அதற்கு எந்த ஸ்டெபிலைசேஷனும் ஒன்றும் செய்யாது, ஷட்டர் வேகம்தான் வேண்டும். பழைய கணக்கு ஒன்று உண்டு: லென்ஸ் எத்தனை மி.மீ.யோ, ஒன்றின் கீழ் அத்தனை நொடியாவது வேண்டும். என் கேமராவின் சென்சார் சின்னது, 600 என்பது 900 மாதிரி. ஆக 1/1000.

ஊர் டெய்லரிடம் போனேன். பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் காலை வெட்டி ரெண்டு பை, நடுவில் ஒரு ஜாண் துணிப்பட்டை, ரெண்டுக்கும் ஜிப். கழுதை முதுகில் பொதி தொங்குகிற மாதிரி ஜன்னல் விளிம்பின் ரெண்டு பக்கமும் தொங்கும், நடுவில் லென்ஸ் உட்காரும். 80 ரூபாய். காலிப் பை கால் கிலோகூட இல்லை. மடித்தால் அம்மாவின் முறுக்கு டின்னுக்கு மேலேயே வைத்துவிடலாம்.

உள்ளே போடுகிற பொருள்தான் இதில் சூட்சுமம். வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகக்கூடாது, போன இடத்தில் நிரப்ப வேண்டும். எந்த ஊரிலும் மளிகைக் கடை இருக்கும். அரிசி, தட்டாம்பயறு, கொண்டைக்கடலை, எதுவும் சரி. தெர்மாகோல் மணி போட்டவை கடையில் கிடைக்கின்றன, இறகு மாதிரி இருக்கும், ஆனால் 3 கிலோ லென்ஸை வைத்தால் நழுவும், அசையும்போது கிறீச் என்று சத்தம் வேறு. மணலும் வேண்டாம். ஒரு பொடி ஜிப்பைத் தாண்டி லென்ஸ் வளையத்துக்குள் போனால் அவ்வளவுதான். அரிசியைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, முக்கால்வாசி மட்டும் நிரப்பி, பைக்குள் வையுங்கள். முட்ட முட்ட அடைத்தால் பந்து மாதிரி உருளும், லென்ஸ் பதியாது.

இனி அப்பாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதுதான் பெரிய வேலை.

பையைப் பார்த்ததும் கேட்டார். "இது யாருக்கு?"

"லென்ஸுக்குப்பா. வெயிட்டு. மவுன்ட் இழுத்துக்கும்."

"எனக்கு முட்டுக் குடுக்கறியாக்கும்?"

(ஃபேஸ்புக்கில் முட்டுக் கொடுப்பது என்றால் அர்த்தமே வேறு. அப்பாவுக்கு அது தெரியாது. வீட்டுச் சுவர் சாயும்போது வைக்கிற முட்டைச் சொன்னார்.)

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பையைப் போட்டு, கேமராவை வைத்து, எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் உட்கார்ந்திருந்த காக்காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். பையில் என்ன நிரப்பினார் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் துவரம்பருப்பு.

அந்த ரெண்டு வாரத்தில் அவரே கண்டுபிடித்த விஷயங்கள் இவை, என் மூளை இல்லை. ஒன்று, இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுக்காமல் மேலே வைத்து பையை நோக்கி லேசாக அமுக்க வேண்டும். அடியில் கொடுத்தால் கை தாங்குகிறது, ஆடுகிறது. மேலே வைத்தால் கை ஓய்வெடுக்கிறது. ரெண்டு, ஒரே ஒரு படமாக எடுக்காமல் பட்டனை அமுக்கி மூணு நாலு படம் தொடர்ந்து விழ விட வேண்டும். பட்டனை அமுக்குகிற அந்த வெட்டு முதல் படத்தில் இருக்கும், ரெண்டாவது மூணாவது படம் சுத்தமாக இருக்கும். மூணு, காலையில் காபி கிடையாது. காபி நடுக்கத்தைக் கூட்டும் என்று நான் நாலு வருஷமாகச் சொல்லி வந்தது, காக்காய் சொன்னதும் ஏறிவிட்டது.

ஏப்ரலில் கிளம்பினோம். நீலகிரிக்கு இ-பாஸ், அதே கார், இந்த முறை முறுக்கு டின் உண்டு.

சஃபாரிக்கு மட்டுமில்லை, வழிக்கும் ஏதாவது வேண்டும் இல்லையா? வழியில்தான் ட்ரைபாடுக்கு வேலை. குடும்பமாக நின்று டைமரில் படம் எடுக்க, அருவியைப் பட்டுத்துணி மாதிரி எடுக்க, ராத்திரி நட்சத்திரம் எடுக்க. அலுமினியத்தை விற்றுவிட்டு ஒரு கார்பன் ஃபைபர் ட்ரைபாட் வாங்கினேன், ஒன்றேகால் கிலோ. விலை என் மனைவிக்கு இன்னும் முழுசாகத் தெரியாது, அவர் இந்த த்ரெட்டை இங்கே நிறுத்திவிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வாங்கும்போது பார்க்க வேண்டியது, அது தாங்கும் என்று எழுதியிருக்கிற எடை உங்கள் கேமரா, லென்ஸ் சேர்ந்த எடையைப்போல் ரெண்டு மடங்காவது இருக்கிறதா என்று. இன்னொன்று, கால் எத்தனை மடிப்பு என்று. அஞ்சு மடிப்பு என்றால் சின்னதாக மடியும், ஆனால் கடைசி மடிப்பு பென்சில் தடிமன்தான். நாலு மடிப்பு போதும். நடுக்கம்பியை உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் மூன்று கால் ஸ்டாண்ட் ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஆகிவிடும்.

ஊசிமலை வியூ பாயின்ட்டில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. எடை குறைந்த ட்ரைபாடின் குறையே அதுதான், காற்றுக்கு அது காகிதம். நடுக்கம்பியின் அடியில் ஒரு கொக்கி இருக்கும், அதில் ஏதாவது கனமாகத் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டது முறுக்கு டின் இருந்த பை. அம்மா முகத்தில் அவ்வளவு பெருமை.

மேசைமேல் வைக்கிற குட்டி ட்ரைபாடுகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போனுக்கும் சின்ன மிரர்லெஸ்ஸுக்கும் அருமையானவை. மன்ஃப்ராட்டோ பிக்ஸி 1 கிலோ தாங்கும், அவ்வளவுதான். நான் அதில் டி7200-ஐப் பெரிய லென்ஸோடு வைத்துப் பார்த்தேன், மெதுவாகக் கும்பிட்டு விழுந்தது, நல்லவேளை மெத்தைமேல். ஜோபியின் கோரில்லாபாட், குரங்கு வால் மாதிரி கிளையில் சுற்றிக்கொள்வது, பெயரில் 3கே என்று இருந்தால் 3 கிலோவுக்கானது. பாறைமேல், கார் ரூஃப் கம்பியில், மரக்கிளையில் கட்ட நல்லது. 600 மி.மீ. லென்ஸுக்கு அதையும் நம்ப மாட்டேன். மோனோபாடையும் முழுசாகத் திட்டிவிட வேண்டாம். கூந்தன்குளம் மாதிரி நடந்து போய்ப் பறவை பார்க்கிற இடத்தில் அதைவிட வசதி எதுவுமில்லை. வேன் தரையில் ஊன்றாமல் இருந்தால் சரி.

ஒரு முக்கியமான விஷயம். முதுமலை, பந்திப்பூர் சாலைகளில் யானை நிற்கிறதே என்று காரை ஓரங்கட்டி, ட்ரைபாடை எடுத்து ரோட்டில் விரிக்காதீர்கள். அபராதம் ஒருபக்கம் இருக்கட்டும், யானை ஓடினால் மனுஷனைவிட வேகம். அதோடு பந்திப்பூர் சாலை ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரை மூடியிருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி கிளம்புங்கள். படம் சஃபாரி வண்டியில் எடுப்பதற்கு, ரோடு போவதற்கு.

கூடலூரில் ஒரு மளிகைக் கடையில் நிறுத்தினேன். ரெண்டு கிலோ இட்லி அரிசி. கடைக்காரர் பொட்டலம் கட்டப் போக, அப்பா ஜீன்ஸ் பையை நீட்டி "இதுல போடுங்க, ரெண்டு பக்கமும் சமமா" என்றார். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பைக்கு எந்தப் பக்கம் எவ்வளவு என்று அப்பா தராசில் வைத்துச் சரிபார்த்ததும் இன்னும் ஒரு மாதிரி பார்த்தார்.

கபினியில் படகு சஃபாரி. கோடையில் அணையின் தண்ணீர் இறங்கி, கரையில் புல் முளைத்துக் கிடக்கும். அதற்காகவே யானைக் கூட்டங்கள் வரும். படகின் பக்கவாட்டுக் கம்பியில் பையைப் போட்டோம். அப்பா நாற்காலியில் சாய்ந்து, ரெண்டு முழங்கையையும் கம்பியில் ஊன்றி, லென்ஸைப் பையில் பதித்துக்கொண்டார். நான் எழுந்து போய்ப் படகோட்டியிடம் மெதுவாகக் கேட்டேன், "எஞ்சினைக் கொஞ்சம் ஆஃப் பண்ண முடியுமா?" பண்ணினார். தண்ணீரில் படகு மெள்ள ஏறி இறங்கியது. அந்த ஆட்டம் மெதுவானது, 1/1000 ஷட்டருக்கு அது ஆட்டமே இல்லை.

ஏழெட்டு யானைகள். நடுவில் ஒரு குட்டி, அம்மாவின் நாலு காலுக்கு நடுவே. எங்கள் படகில் ஒருவர் தடதடவென்று எடுத்துத் தள்ளினார், மெஷின் கன் தோற்றது. அப்பா எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பொறுக்க முடியாமல் "அப்பா, போயிரும்பா" என்றேன்.

"36 தான் இருக்குன்னு நெனச்சுக்கோ" என்றார், கண்ணை எடுக்காமல்.

குட்டி தும்பிக்கையில் மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்து, குறி தப்பி, அம்மாவின் முகத்தில் அடித்தது. அப்போது அமுக்கினார். நாலு படம். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், யானையைப் பார்க்கவில்லை. கை லென்ஸ்மேல் கிடந்தது. சும்மா கிடந்தது.

ராத்திரி அறையில் அதே கண்ணாடி, அதே திரை, பெரிசு பண்ணிப் பார்த்தார். முதல் படத்தை அழித்தார். ரெண்டாவதில் நிறுத்தினார். குட்டியின் தலைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "லென்ஸ் நல்ல லென்ஸ்தான்டா" என்றார். அவ்வளவுதான். நீங்கள் எல்லாரும் லைக் போட்ட படம் அது.

அடுத்த நாள் காலை ஜீப்பில் என் முறை. பை அப்பா பக்கம் இருந்தது, சோம்பேறித்தனத்தில் நான் கையிலேயே பிடித்து ஒரு புள்ளிமானை எடுத்தேன். அப்பா திரையை எட்டிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம், எசென்ஷியல் ட்ரெமர் பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. அப்படிப்பட்ட குடும்பங்களில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு 36 வயது. போன வருஷத்திலிருந்து பச்சைக் குழந்தைக்கு ஊசி ஏற்றும்போது மணிக்கட்டைக் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொண்டுதான் செய்கிறேன். நைட் டூட்டியின் களைப்பு என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். களைப்பாகவும் இருக்கலாம். சுருள் வரைந்து பார்க்கவில்லை.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அரிசிப் பையை எடுத்து என் பக்கக் கம்பியில் போட்டு, ரெண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிவிட்டார்.

"லென்ஸுக்குத்தான். வெயிட்டு" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா அரிசியைக் கவரோடு வாங்கி ஊறப்போட்டுவிட்டார். காடு மேடெல்லாம் சுற்றின அரிசி என்று மனைவி நாலு தண்ணீர் கழுவச் சொன்னார். இட்லி நன்றாகவே வந்தது. பை காலியாக என் மேசை டிராயரில் கிடக்கிறது. டெய்லர் அளவு வேண்டும் என்பவர்கள் கமென்ட்டில் கேளுங்கள், அளந்து போடுகிறேன்.